சித்தி சொன்ன உப்புத் தண்ணி

சித்தி கல்யாணமாகி எங்கள் இலுப்பூர் வீட்டுக்கு வந்த அன்று, பீரோவுக்கும் கட்டிலுக்கும் முன்னதாக வண்டியிலிருந்து இறங்கியது நாலடி நீளமுள்ள ஒரு கண்ணாடித் தொட்டி. நான்கு பேர் அதைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியபோது, அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "சீரா மீன்தொட்டி கொண்டாந்த மருமக நம்ம ஜில்லாவுலயே இவ ஒருத்திதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், சித்தியும் சிரித்தார். யார் எதற்காகச் சிரித்தார்கள் என்று பிரித்தறியும் வயது எனக்கு இல்லை. எனக்கு அப்போது ஏழு வயது.

சித்தி மீமிசல் பக்கத்துக் கடற்கரைக்காரர். கடல் உயிரியல் படித்துவிட்டு, கடல் மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் ஒரு பண்ணையில் வேலை பார்த்தவர். அந்தப் பண்ணையில் பழுதான நீர் மோட்டாரைச் சரி செய்யப் போனவர்தான் சித்தப்பா. மோட்டார் ஒரே நாளில் சரியாகிவிட்டது. சித்தப்பாதான் அதற்குப் பிறகும் பல மாதங்கள் அங்கே போய்வர வேண்டியிருந்தது.

அதைப் பவளப்பாறைத் தொட்டி என்று சித்தப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். உண்மையில் அதில் பவளம் ஏதும் இல்லை. கடலிலிருந்து பவளத்தை எடுப்பது குற்றம் என்பதில் சித்தி கண்டிப்பாக இருந்தார். சிமெண்டும் கிளிஞ்சலும் கலந்து அவரே வார்த்த கற்கள்தாம் உள்ளே இருந்தன. ஒரு வருடத்துக்கு மேல் கடல்நீரில் ஊறியதில் அவை ஊதாவும் பச்சையும் பழுப்புமாக நிறம் பிடித்து, துளைகளுக்குள் புழுக்களும் கடுகளவு நத்தைகளும் குடியேறி, நிஜப் பாறை போலவே ஆகியிருந்தன. நடுவே விரல்களை விரித்ததுபோல ஒரு கடல்சாமந்தி, பார்க்கப் பூப்போல இருந்தாலும் அதுவும் ஒரு பிராணிதான். அந்த விரல்களுக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன்கள் இரண்டு, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. கண்ணாடி போன்ற இறால்கள் நான்கு. மொத்தம் ஏழு உயிர் என்று நான் கணக்கு வைத்திருந்தேன். சித்தி அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை.

"கல்ல விட்டுட்டியே பாப்பா. கல்லுக்கும் உசுரு இருக்கு. பாலுக்கு உறை ஊத்துறோம்ல, அந்த மாதிரி இந்தக் கல்லுக்குள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உசுருதான் மீனோட அழுக்கத் தின்னு தண்ணியக் காப்பாத்துது. கல்லு செத்தா தொட்டியே செத்துச்சு."

கல் எப்படிச் சாகும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் சித்தி சொன்னதால் நம்பினேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது, சித்தப்பா வல்லத்திராக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்து, பக்கத்திலேயே ஒரு வீடும் கட்டி முடித்தார். தனிக்குடித்தனம் என்று முடிவானது. தட்டுமுட்டுச் சாமான்களைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தொட்டியைப் பற்றி அத்தைக்கு இருந்தது.

"புது வீட்டுக்கு உசுருள்ளதக் கொண்டு போறதுன்னா பசுவும் கன்னும் கொண்டு போவாங்க. இது என்ன? குலுங்குனாச் சாவும், வெயிலு பட்டாச் சாவும். பால் காச்சுன வாரமே வீட்டுல ஒரு சாவா? யாருக்காச்சும் குடுத்துட்டுப் போத்தா."

அதற்கு நாலு மாதத்துக்கு முன்புதான் சித்தி புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு வந்திருந்தார். வயிற்றுவலி என்று என்னிடம் சொன்னார்கள். வயிற்றில் தங்கிய பிள்ளை இரண்டாவது முறையாகக் கலைந்துபோயிருந்தது என்பது பெரியவர்கள் மட்டும் அறிந்த செய்தி. அத்தையைக் கொடியவராக எழுதுவது எளிது, நியாயமாகாது. அந்த நாட்களில் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக் கிடந்து சித்தியைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஆனால் நடந்ததற்கு ஒரு காரணம் அவருக்குத் தேவைப்பட்டது. அந்தக் காரணத்தை மருத்துவர் சொல்லவில்லை. அதனால் அத்தை வேறு இடங்களில் தேடத் தொடங்கியிருந்தார். சித்திக்கு அது தெரியும்.

"ஒண்ணும் சாகாது அண்ணி" என்றார் சித்தி. "ஒரு உசுரு கொறையாமக் கொண்டு போய்ச் சேத்துருவேன். நீங்களே வந்து எண்ணிப் பாருங்க."

கூடத்தில் அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரும் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் சொல்லப்பட்ட அந்த வாக்குத்தான் மே மாத வெயிலில் வண்டி ஏறியது.

பால் காய்ச்சிய மறுநாள் காலையில் 'குட்டியானை' என்று நாங்கள் சொல்லும் சிறிய சரக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. அதன் டிரைவர் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மீன் வாங்கப் போறவங்கள ஏத்தியிருக்கேன். மீனுக்கே வீடு மாத்துறத இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். சித்தி சிரிக்கவில்லை. விடிந்ததிலிருந்து அவர் யாருடைய நகைச்சுவைக்கும் சிரிக்கவில்லை.

மீன்களும் இறால்களும் மூடி போட்ட இரண்டு வாளிகளில் இருந்தன; செல் போட்டு ஓடும் சிறு காற்று மோட்டார் அவற்றுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கடல்சாமந்தி தடித்த பாலிதீன் பையில். தொட்டிக்கான கடல்நீர் பெரிய கேன்களில் மூடி இறுக்கப்பட்டிருந்தது. கற்களை ஒரு அகலமான நீல டிரம்மில் அடுக்கி, மேலே ஈரச் சாக்குகளைப் போர்த்தியிருந்தார்கள். தண்ணீர் நிரப்பினால் டிரம்மைத் தூக்க முடியாது, ஈரம் காயாமல் இருந்தால் போதும் என்றார் சித்தி. வாளிகளை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டும். சித்தப்பா புது வீட்டில் மின்சாரம் சரிபார்க்க முன்னதாகவே பைக்கில் போய்விட்டார். ஆகவே பின்னால், மெத்தைகளுக்கு நடுவே, கற்களோடு உட்காரும் பொறுப்பு எனக்கு வந்தது. அம்மா வேண்டாம் என்றார். நான் அழுது சாதித்தேன்.

சித்தி ஒரு ஐந்து லிட்டர் கேனையும் ஒரு மக்கையும் என் மடியில் வைத்தார்.

"சாக்கத் தொட்டுத் தொட்டுப் பாரு பாப்பா. காயிற மாதிரி இருந்தா ஒரு மக்கு ஊத்து. உப்புத் தண்ணி மட்டும்தான் ஊத்தணும். நல்ல தண்ணி ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு."

"உப்புத் தண்ணி மட்டும். நல்ல தண்ணி படக் கூடாது."

"ஒன்ன நம்பித்தான் இருக்கேன்."

இங்கே எங்கள் ஊர்ப்பக்கத்துக் குழாய்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் குடிநீர்த் திட்டத்து ஆற்றுத் தண்ணீர் வரும். அது நல்ல தண்ணி. மற்றொன்றில் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். நாக்கில் வைத்தால் லேசாகக் கரிக்கும், பருப்பு வேகாது. அது உப்புத் தண்ணி. குடிக்கவும் சமைக்கவும் முதலாவது. குளிக்கவும் துவைக்கவும் இரண்டாவது. மாற்றிப் பிடித்தால் முதுகில் ஒன்று விழும். எந்தப் பாடத்தையும் விட இந்த வேறுபாடு எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. தொட்டிக்கு வரும் கடல்நீரை எங்கள் வீட்டில் யாரும் உப்புத் தண்ணி என்று சொன்னதில்லை. கேனில் வந்ததால் அது 'கேன் தண்ணி'. சித்தியும் இரண்டு வருடம் அதே குழாயடியில் பாத்திரம் கழுவியவர்தான். ஆனால் தொட்டியின் பக்கம் திரும்பியதும் அவர் வாய்க்குப் பிறந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். அவர் ஊரில் உப்புத் தண்ணி என்றால் கடல் ஒன்றுதான்.

அன்னவாசலுக்கு முன்னால் ஒரு வேகத்தடையை டிரைவர் கவனிக்கத் தவறினார். நான் மெத்தையோடு எழும்பி விழுந்தேன். சாக்கில் ஊற்றிவிட்டு மூடியைத் திருகாமல் வைத்திருந்த கேன் உருண்டது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் ஐந்து லிட்டரும் வண்டியின் தகரத் தரையில் ஓடி, பின் கதவின் இடுக்கு வழியாகச் சாலையில் ஒரு கோடாக ஒழுகிப் போனது. அந்தக் கோடு வெயிலில் உடனுக்குடன் காய்ந்துகொண்டே வந்தது. அதைப் பார்த்தபடி, இதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. தட்டிக் கூப்பிட்டிருக்கலாம். சித்தியின் தலையின் பின்புறம் டிரைவர் அறையின் சின்னக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. 'ஒன்ன நம்பித்தான் இருக்கேன்' என்று சொன்ன முகம் மறுபுறம் இருந்தது. நான் தட்டவில்லை.

அன்னவாசல் தாண்டியதும் வண்டியின் பின்சக்கரம் பஞ்சராயிற்று. நிழல் இல்லாத இடம். ஸ்டெப்னியிலும் காற்றுப் போதவில்லை என்று டிரைவர் அதை உருட்டிக்கொண்டு போனார். நான் இறங்கி முன்பக்கம் போனேன். காற்று மோட்டாரின் செல் தீர்ந்துபோய், சித்தி ஒரு வாளியிலிருந்து மக்கால் நீரை மொண்டு உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். நுரை வர ஊற்றினால் மீனுக்கு மூச்சுக் கிடைக்கும் என்று பிறகு அறிந்தேன். ஒரு வாளியில் பத்து முறை, மறு வாளியில் பத்து முறை. புடவை முழுக்க நனைந்திருந்தது. உதடு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது.

"கல்லு ஈரமா இருக்கா?" என்றார், நிமிராமல்.

"இருக்கு சித்தி."

அது பொய். சாக்கின் ஓரங்கள் வெளுத்து மொரமொரப்பாகிக்கொண்டிருந்தன. கை வைத்தால் சுட்டது. கல்லு செத்தா தொட்டியே செத்துச்சு.

பெரிய கேன்களில் இருந்தது கேன் தண்ணி, சித்தி சொன்னது உப்புத் தண்ணி. சாலையோரத்தில் ஒரு வீடும், வாசலில் ஒரு குழாயும் தெரிந்தன. கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். துணி அலசிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், மிகுந்த எச்சரிக்கையோடு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அக்கா, இது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

"உப்புத் தண்ணி பாப்பா. குடிக்க அங்கிட்டு உள்ள வா, பானையில மொண்டு தாரேன்."

"நல்ல தண்ணி வேணாங்க்கா. எனக்கு உப்புத் தண்ணிதான் வேணும்."

"இது என்னடி கூத்தா இருக்கு! கோடையில உப்புத் தண்ணி வேணும்னு கேட்டு வந்த மொத ஆளு நீதான். புடிச்சுக்க, காசா பணமா."

எனக்கு நம்பிக்கை போதவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. அந்தக் கரிப்பு எனக்குத் தந்த ஆறுதலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. சித்தி சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்கிறேன் என்ற பெருமையோடு மூன்று முறை கேனை நிரப்பினேன். சாக்கை விலக்கி, ஒவ்வொரு கல்லின் மீதும், ஒவ்வொரு துளைக்குள்ளும், காதுக்குப் பின்னால் தேய்த்துக் குளிப்பாட்டுவதுபோல ஊற்றினேன். கடைசியாகக் கேனை முழுவதும் நிரப்பி, மூடியை இறுகத் திருகி, பழைய இடத்தில் வைத்தேன். ஒன்றும் சிந்தவே இல்லை என்பதுபோல அது நின்றது.

வல்லத்திராக்கோட்டையில் சித்தப்பா எல்லாம் தயாராக வைத்திருந்தார். கற்கள் இறங்கின, கடல்நீர் ஊற்றப்பட்டது, மோட்டார் ஓடியது. சாயங்காலம் மீன்களைத் தொட்டிக்குள் விட்டார்கள். பெரிய மீன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடல்சாமந்திக்குள் முகம் புதைத்தது. சின்னது பின்னாலேயே போயிற்று. சித்தி தரையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். ஏழு. உடனே அத்தைக்குப் போன் செய்தார்.

"எல்லாம் வந்து சேந்துருச்சு அண்ணி. ஏழும் இருக்கு. ஞாயித்துக்கெழம எல்லாரும் வந்து எண்ணிப் பாருங்க." பிறகு என்னை இழுத்து உச்சியில் முத்தமிட்டார். "கல்லெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். பாப்பா இல்லாட்டி இன்னைக்கு அவ்வளவுதான்."

பள்ளி விடுமுறை என்பதால் நான் அங்கேயே தங்கிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் தொட்டி நீர் அரிசி களைந்த தண்ணீர்போல வெளுத்திருந்தது. கற்களின் ஊதா நிறம் சாம்பலாக மாறியிருந்தது. துளைகளிலிருந்து புழுக்கள் செத்து நூல்நூலாகத் தொங்கின. முதலில் இறால்கள். அன்று மாலைக்குள் கடல்சாமந்தி சளிபோலக் கரைந்தது. மீமிசலிலிருந்து புது நீர் வந்து சேர ஒரு நாள் ஆயிற்று. அதுவரை சித்தி மறுபடியும் மக்கால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். சித்தப்பா கையைப் பிடித்து நிறுத்தியபோது, "ஞாயித்துக்கெழம எல்லாரும் வாராங்க" என்று மட்டும் சொன்னார். சின்ன மீன் மறுநாள் போயிற்று. பெரியது அதற்கும் அடுத்த நாள்.

அன்று பிற்பகல் சித்தி சாமான்கள் வைத்திருந்த அறைக்குள் போனார். காரணத்தைத் தேடித்தான் போயிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது அந்த ஐந்து லிட்டர் கேன் கையில் இருந்தது. மூடியைத் திறந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தார். மறுபடியும் நனைத்து வைத்துப் பார்த்தார்.

"பாப்பா, கல்லுக்கு என்ன தண்ணி ஊத்துன?"

"உப்புத் தண்ணிதான் சித்தி."

"எங்க புடிச்ச?"

கேன் உருண்டது வெளிவந்துவிடும் என்று பயந்தேன். ஆனால் தண்ணீரைப் பொறுத்தவரை எனக்குப் பயமே இல்லை. "வண்டி நின்னுச்சுல்ல, அங்க ஒரு வீட்டுல. நல்ல தண்ணியா உப்புத் தண்ணியான்னு கேட்டுட்டுத்தான் புடிச்சேன். நக்கிக்கூடப் பாத்தேன். அந்த அக்கா நல்ல தண்ணி தாரேன்னுச்சு, நான் வேணாம்னுட்டேன்."

சித்தியின் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வந்தது. அது ஏன் வந்தது, ஏன் பாதியில் வேறொன்றாக மாறியது என்று எனக்குப் புரியவில்லை. என் பின்னால் உட்கார்ந்து, கலைந்திருந்த என் பின்னலை அவிழ்த்து மறுபடி போடத் தொடங்கினார். என் முகத்தை அவர் பார்க்க முடியாதபடியும், அவர் முகத்தை நான் பார்க்க முடியாதபடியும் திருப்பி உட்கார வைத்திருந்தார்.

"சரியாத்தான் செஞ்ச" என்றார். "நான் என்ன சொன்னேனோ அதைத்தான் செஞ்சிருக்க."

இன்று நான் கிராமங்களில் குடிநீரைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும், "ஒங்க ஊர்ல உப்புத் தண்ணின்னு எதைச் சொல்லுவீங்க?" என்று கேட்ட பிறகே மாதிரி எடுக்கிறேன். உடன் வருகிறவர்கள் இதை என் தொழில் நேர்த்தி என்று நினைக்கிறார்கள். கல்லூரிச் செய்முறை வகுப்பில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் கடல்நீரையும் முதல்முறை அடுத்தடுத்து அளந்த நாளில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. கடலோடு ஒப்பிட்டால் எங்கள் உப்புத் தண்ணி வெறும் நல்ல தண்ணிதான். நான் குளிப்பாட்டியதில் கல்லுக்குள் இருந்த உறை முழுவதும் செத்திருந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் உறவுக்காரர் வீட்டு வளைகாப்புகளில் சித்தி சமையல்கட்டிலேயே நின்றுகொண்டதும், வளையல் போட அவரை யாரும் கூப்பிடாததும் உப்பளவு காட்டும் அந்தக் கருவியைப் பிடித்திருந்த கையோடு நினைவுக்கு வந்தன. ஒரு சொல்லை விளக்கியிருந்தால், 'அவ கையில உசுரு தங்காது' என்ற பேச்சு தொடங்காமலே போயிருக்கும். விளக்கினால் பழி யார் மீது இறங்கும் என்று சித்தி அன்று, பின்னல் முடிவதற்குள், எடைபோட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். தொட்டியின் மீது ஒரு போர்வை கிடந்தது. அத்தை செருப்பைக் கழற்றியதும் நேராக அங்கே போய், போர்வையின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் யாராவது அடக்கியிருப்பார்கள். போர்வையைப் பழையபடி இழுத்துவிட்டுவிட்டு, மெதுவாக, "குடி வந்து பத்து நாளு ஆகல" என்றார்.

"அக்கா, அது வந்து..." என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் சித்தி. "நான்தான் சரியாப் பாக்கல அண்ணி."

கற்களோடு வந்தவள் நான் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த கேள்வி என்னிடம் வரும், கேன் உருண்ட கதை வெளியே வரும் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் முந்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

"என் மேல தப்பில்ல அத்தே. சித்தி ஊத்தச் சொன்னதத்தான் நான் ஊத்துனேன். சரியாத்தான் செஞ்சேன்னு சித்தியே சொல்லுச்சு. வேணும்னாக் கேட்டுப் பாருங்க."

அத்தை என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். "ஒன்ன யாருடி சொன்னா? நீ சின்னப் புள்ள, ஒனக்கென்ன தெரியும்" என்று என் தலையைத் தடவினார். என்னைத் தடவிக்கொண்டே சித்தியைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். சித்தி என்னைப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தார்.

"எலையப் போடலாமா? நேரமாச்சு" என்றார்.

நான் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தேன். கேன் உருண்ட நாளுக்குப் பிறகு, அன்றைக்குத்தான் எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கியது. பாயசம் இரண்டாவது முறை கேட்டேன். சித்தி குனிந்து, முந்திரி எல்லாம் என் இலைக்கே வரும்படி கரண்டியைச் சாய்த்து ஊற்றினார். அவ்வளவு கவனமாக மீன்களையும் பார்த்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு, நான் சாப்பிட்டேன்.